இலையில் ஒரு வித்தவுட்

கண்ணத் தொறக்கக் கூடாதுன்னுதான் அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு. வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லல. அதனால நான் பேசுறேன்னு நீ ஒண்ணும் தப்பா நெனைக்காதம்மா. பக்கத்துல ஆள் இருக்கிறது வளையல் சத்தத்துலயே தெரியுது. யாரக் கூட்டிட்டு வந்த? மாமியாரா? உள்ள போயிருக்காங்களா? அப்ப உனக்குச் சொட்டு மருந்து போடல. நல்லதாப் போச்சு. எனக்கு உன்கிட்ட ஒரு சின்ன வேல இருக்கு. அப்புறம் சொல்றேன்.

எனக்குக் கண்ணுல ஒரு கொறையும் கிடையாது, அத மொதல்ல சொல்லிர்றேன். நான் வந்தது சர்டிபிகேட்டுக்கு. சுகிர்தம், வயசு அறுபத்தி நாலு, கண் பார்வை நல்லா இருக்குன்னு பெரிய டாக்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுக்கணும். அத எங்க அபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறேன். செக்ரட்டரி தனுஷ்கோடி அதுக்கு முன்னால நின்னு படிக்கணும். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ படிக்கணும். நான் படிக்கட்டுல நின்னு பாக்கணும்.

உள்ள எழுத்துப் பலகைய வாசிக்கச் சொன்ன பொண்ணு புரை கிரைன்னு என்னமோ சொல்லிச்சு. ரெண்டு கண்ணுலயும் இருக்காம். ரொம்ப நாளா இருக்காம். அது நேத்து வேலைக்குச் சேந்த பொண்ணும்மா, டார்ச் லைட்டப் பிடிக்கிற கையே நடுங்குது. பெரிய டாக்டர் பாக்கட்டும்.

நான் யார்னு உனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் ரயில்ல டி.டி.ஆர். வேல பாத்தவ. மதுரைல ஏறுனா ஒரு பக்கம் செங்கோட்ட வரைக்கும், ஒரு பக்கம் ராமேஸ்வரம் வரைக்கும். ஒரு கல்யாணக் கோஷ்டி, நாப்பது டிக்கெட்டு, நாப்பத்தி மூணு பேரு. யாரையும் எண்ணல. நேரா நடந்து போயி மூணு பேரு தோளத் தட்டுனேன். மூணும் வித்தவுட்டு. எங்க மேலதிகாரி கேட்டாரு, "எப்படிம்மா?"ன்னு. மத்தவன்லாம் சீட்டுக்கு நெளிவான், கொட்டாவி விடுவான், புள்ளைய வைவான். டிக்கெட் எடுக்காதவன் மட்டும் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருப்பான். அம்புட்டுதான் சூத்திரம். அப்பேர்ப்பட்ட என்னப் பாத்துதான் அந்தாளு சொல்றான், கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்கக்கான்னு. நாப்பத்திரண்டு வீட்டு ஆளுங்க முன்னால. அக்காவாம் அக்கா. அவனுக்கு என்ன விட ரெண்டு வயசு மூப்பு.

எதுக்குச் சொன்னான்னு கேளு.

போன தை மாசம் எங்க சபையில கொடைக்கானல் டூர் போனோம். திரும்புற வழியில, வத்தலகுண்டுக்கு இங்கிட்டு ஒரு நர்சரியில வண்டிய நிறுத்துனாங்க. நான் ஒரு கொய்யாக் கன்னு வாங்குனேன். இடுப்பு ஒசரம். மதுரை வரைக்கும் மடியிலயே வெச்சிட்டு வந்தேன். வீட்டுக்குள்ள வெயில் வராது. அதனால கதவுக்கு வெளிய, வராண்டாவுல தொட்டிய வெச்சேன். ஒரு வாரம் இருக்கும். காலையில தண்ணி ஊத்துறேன், ஒரு எலை எந்திரிச்சு நடந்து பக்கத்து எலைக்குப் போகுது.

சத்தியமாச் சொல்றேன், செம்ப கீழ போட்டுட்டேன்.

இலைப்பூச்சின்னு சொல்றாங்க. நீ பாத்திருக்கியா? பாத்திருந்தாலும் பாத்தேன்னு உனக்குத் தெரியாது. நடு நரம்பு, பக்க நரம்பு, ஓரத்துல பூச்சி கடிச்ச மாதிரி ஒரு பழுப்பு, எல்லாம் எலைதான். காலு கூட எலைத் துண்டுதான். நாம மூச்சு விட்டா காத்துல ஆடுற மாதிரி ஆடும். நடிப்பு! வத்தலகுண்டுல இருந்து மதுரை வரைக்கும் என் மடியில உக்காந்துக்கிட்டு டிக்கெட் எடுக்காம வந்திருக்கு. என்ன ஏமாத்துன ஒரே ஆளு அதுதான். வித்தவுட்டுன்னே பேர் வெச்சேன். "ஏ வித்தவுட்டு, எங்கடி போன?"ம்பேன். கைய நீட்டுனா ஒவ்வொரு காலா யோசிச்சு யோசிச்சு எடுத்து வெச்சு ஏறும். உள்ளங்கையில கூசும். வீட்டுல பேசுறதுக்கு வேற யாரு இருக்கா? நான் கல்யாணம் பண்ணிக்கல. பண்ணிக்கக் கேட்டவன்லாம் வேலைய விடச் சொன்னான்.

எங்க அக்கா மக பெனிட்டா ஒரு லென்ஸ் வாங்கிக் குடுத்தா. சட்டப் பொத்தான விடக் கொஞ்சம் பெருசு. துணி காயப்போடுற கிளிப்பு மாதிரி இருக்கும், போன் கேமரா மேல கவ்வி விடணும். அத மாட்டிட்டா எறும்பு ஆனையாத் தெரியும். ஆனா லேசுல வராதும்மா. ஒரு நெல்லு தூரம் தள்ளிப் போனா மங்கிரும். அதுக்குன்னு ஒரு முக்காலி போட்டு, ரெண்டு முழங்கையையும் அதுல ஊணி, மூச்சப் பிடிச்சுக்கணும். காலையில ஏழுல இருந்து எட்டுக்குள்ளதான் வராண்டாவுல வெளிச்சம் சாஞ்சு வரும். பின்னால ஒரு வெள்ள சார்ட்டு அட்ட. மூஞ்சி எங்க இருக்கோ அங்க ஸ்கிரீன வெரலால ஒரு தட்டு தட்டணும். அது கண்ணு இருக்கே, ரெண்டு கடுகு. அந்தக் கடுகு தெளிஞ்சு வர்றப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும். அத எந்த எடத்துல வெச்சா எடுப்பா இருக்கும்னு நானே கையில எடுத்து வெப்பேன். வெச்ச எடத்துலயே இருக்கும். சொன்ன பேச்சுக் கேக்கிற ஜீவன்.

அந்தப் படத்த எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்புல போடுவேன். "இன்று வித்தவுட் எங்கே?" அம்புட்டுதான் எழுதுவேன். அது பிடிச்சுக்கிச்சு பாரு. அஞ்சு வருஷமா லிப்டுல பக்கத்துல நின்னும் மூஞ்சியப் பாக்காத ஆளுங்க, "ஆன்ட்டி, இன்னைக்கு ரொம்பக் கஷ்டம், ஒரு க்ளூ குடுங்க"ங்குறாங்க. மூணாவது மாடி ஷமீமா டீச்சர், பள்ளிக்கூட வேன் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சிரணும்னு பந்தயம் கட்டுவாங்க. எனக்குக் காலையில எந்திரிக்கிறதுக்கு ஒரு வேல ஆச்சு.

இதக் கெடுத்தவன் யாரு? தனுஷ்கோடி.

அந்தாளு விவசாய ஆபீஸுல இருந்து ரிட்டயர் ஆனவன். வயல் வயலாப் போயி எந்தப் பூச்சி எந்தப் பயிரத் தின்னுதுன்னு பாக்குறதுதான் வேல. பூச்சியக் கண்டா மருந்து எழுதிக் குடுக்குறவன். நான் ஏழரைக்குப் படத்தப் போட்டா, ஏழு முப்பத்தொண்ணுக்கு அதுல ஒரு செவப்பு வட்டம் போட்டு அனுப்புறான். கீழ ஒரு கும்பிடு. தெனமும்! ஒரு நாள் தப்பல. நான் அரை மணி நேரம் மூச்சப் பிடிச்சு ஒளிச்சு வெக்கிறேன், இந்தாளு பல்லு வெளக்கிக்கிட்டே கண்டுபிடிக்கிறான். அப்புறம் மத்தவங்க எதுக்குத் தேடணும்? ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. ஷமீமா டீச்சர் கூட, "சார் போட்டுட்டாரா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

நேரா கேட்டேன். "ஏன் சார், மத்தவங்களுக்கும் கொஞ்சம் எடம் விடலாம்ல?" சிரிக்கிறான். "என்னக்கா பண்றது, பழக்க தோஷம். பாத்தவுடனே தெரிஞ்சிருது"ங்குறான். அந்தத் திமிரப் பாத்தியா? எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. அன்னைக்கே குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். எல்லாரும் வந்து, ஏன்க்கா போயிட்டீங்க, வாங்கக்கான்னு கூப்பிடுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தர் வரல. அதுக்கும் அவன்தான் காரணம்.

இங்க கேளு, இப்பதான் கொல.

ஆடி மாசம் மூணாவது வெள்ளிக்கெழம. நான் மார்க்கெட் போயிட்டு வர்றேன், வராண்டா பூராவும் மருந்து நாத்தம். கரப்பானுக்கு அடிச்சாங்களாம். என் கொய்யாத் தொட்டி ஈரமா நிக்குது. தேடுறேன், வித்தவுட்டக் காணோம். எலை எலையாத் தேடுனேன். மூணு நாளு. தொட்டி மண்ணக் கூடக் கிண்டிப் பாத்தேன். இல்ல. அன்னைக்கு நான் சோறு ஆக்கல. ரயில்ல அடிபட்ட பொணம் எத்தனையோ பாத்தவ நான், ஒரு எலைக்காக உக்காந்து அழுதேன்.

போயிக் கேட்டேன். செக்ரட்டரிங்குறவன் என்ன சொல்லணும்? மன்னிச்சிருங்கன்னு சொல்லணும்ல? போன எடுத்துக் காட்டுறான். குரூப்புல போட்டிருக்கானாம், வெள்ளிக்கெழம பத்து மணிக்கு மருந்து அடிப்போம், செடி, செல்லப் பிராணி இருந்தா உள்ள எடுத்து வைங்கன்னு. குரூப்புல நான் எங்க இருக்கேன்? "உங்களுக்காகவே முந்துன நாள் வந்து பெல் அடிச்சேனேக்கா, நீங்க தொறக்கல"ங்குறான். அடிச்சான்தான். கதவு ஓட்ட வழியாப் பாத்தேன், அவன் மூஞ்சி தெரிஞ்சுச்சு, தொறப்பேனா? அது வேற விஷயம். சொல்ல வந்தவன் சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில தள்ளியிருக்கலாம்ல? அதுக்கும் ஒண்ணு சொல்றான், "உங்க செடி மேல நானே பெரிய பிளாஸ்டிக் கவரப் போட்டு மூடிட்டேன்க்கா, மருந்து படல. முடிஞ்சதும் எடுத்துட்டுத் தண்ணியும் தெளிச்சு விட்டேன்"னு. கவரப் போட்டு மூடுனா? மூச்சு முட்டிச் சாகாதா? நீயே சொல்லு. கேட்டேன். "அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகாதுக்கா. எங்கயாச்சும் மேல ஏறி இருக்கும், பொறுமையாப் பாருங்க"ங்குறான். கொன்னதும் இல்லாம எனக்குத் தேடச் சொல்லித் தர்றான்!

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவன நாப்பத்திரண்டு வீட்டு முன்னால தல குனிய வெக்கணும். எது அவனுக்குப் பெரும? பாத்தவுடனே தெரிஞ்சிருதுன்னு சொன்னான்ல? அதுலயே வெக்கணும் கத்திய.

திரும்பக் குரூப்புல சேந்தேன். பத்து நாளு பேசாம இருந்தேன். பதினோராவது நாளு காலையில முக்காலிய எடுத்துட்டு வராண்டாவுக்குப் போனேன். அந்தக் கொய்யா இதுக்குள்ள மளமளன்னு வளந்திருந்துச்சு, உச்சியில ஒரு கெளை. என் தலைக்கு மேல, எட்டாது. வித்தவுட்ட நான் ஒரு நாளும் அங்க வெச்சதில்ல. கைய நீட்டி, போனத் தூக்கிப் பிடிச்சு, குருட்டாம்போக்குல அஞ்சாறு தட்டுத் தட்டுனேன். அதுல ஒரு படம் தெளிவா விழுந்திருந்துச்சு, மத்தத அழிச்சுட்டேன். வெறும் எலை. பச்சப் பசேல்னு நாலு எலை, ஒரு காம்பு. அதப் போட்டேன், "இன்று வித்தவுட் எங்கே?"ன்னு.

என் திட்டம் உனக்குப் புரியுதா? செத்துப்போன பூச்சி. வெறும் எலை. இவன் திமிருக்கு எதுலயாவது வட்டம் போடாம இருக்க மாட்டான். போட்டான்னா மாட்டுனான்.

ஏழு முப்பத்தொண்ணு. செவப்பு வட்டம். கீழ கும்பிடு. "மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி அக்கா"ன்னு ஒரு வரி வேற.

எனக்குச் சிரிப்புத் தாங்கல. சமையல் கட்டுல நின்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அந்த வாரம் பூரா நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்குனேன்.

போன ஞாயித்துக்கெழம ஜெனரல் மீட்டிங். புது செக்ரட்டரி தேர்தலும் அன்னைக்குத்தான். அசோசியேஷன் ஹால்ல பெரிய டிவி இருக்கு. ஷமீமா டீச்சர்கிட்ட என் போனக் குடுத்து, அதுல இந்தப் படத்தப் போடச் சொன்னேன். அவன் வட்டம் போட்ட படமும் வந்துச்சு. எந்திரிச்சேன். ரயில்ல நடு வழியில நின்னு பேசுற மாதிரி பேசுனேன்.

"இங்க இருக்கிற அத்தன பேருக்கும் ஒண்ணு சொல்றேன். இந்தப் படத்துல பூச்சி கெடையாது. வெறும் எலை. என் வித்தவுட்டு ஆடி மாசமே செத்துப் போச்சு. கொன்னது இவரு. கொன்னுட்டு, இப்ப இல்லாத பூச்சிக்கு வட்டம் போட்டு, எனக்கு எல்லாம் தெரியும்னு கும்பிடு போடுறாரு. வெறும் எலையப் பூச்சிங்குறவரு, நாளைக்கு நம்ம கட்டடத்துல விரிசல் இல்லாத எடத்துல விரிசல்ங்க மாட்டாரா? இவருதான் மறுபடி செக்ரட்டரியா வரணுமா?"

ஹாலே என்னத்தான் பாக்குது. எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே நான் பொறந்தேன்னு தோணுச்சும்மா.

அவன் எந்திரிச்சான். கோவப்படல. அதுதான் எனக்கு எரிச்சல். "டீச்சர், அந்த வட்டத்த மட்டும் கொஞ்சம் பெருசாக்குங்க"ன்னான். டீச்சர் பெருசாக்குனாங்க. ஹால்ல, "ஆ..."ன்னு ஒரு சத்தம். அப்புறம் கைதட்டுறாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுறாங்க. எனக்கான்னு ஒரு செகண்டு நெனச்சேன். எனக்கில்ல. "இருக்கு ஆன்ட்டி, உயிரோட இருக்கு"ன்னு ஷமீமா டீச்சர் ஓடி வந்து என் கையப் பிடிக்கிறாங்க. "சந்தோஷமான விஷயம்தானக்கா, உக்காருங்க"ங்குறான் அவன்.

நான் டிவியப் பாத்தேன். எலைதான் இருக்கு. டிவி வேற பளபளன்னு அடிக்குது, எனக்கு அந்த மாதிரி டிவி ஒத்துக்காது. எல்லாம் பச்சையா ஒண்ணா இருக்கு. "இல்ல. இது ஏமாத்து. இப்பதான் கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாமே, நீ வட்டம் போட்டப்பவே பூச்சியையும் சேத்துப் போட்டிருப்ப"ன்னேன். வளத்தவ நான். அது செத்துப் போச்சுன்னு நான் சொல்றேன். செத்தது செத்ததுதான்! அப்பதான் அந்தாளு கிட்ட வந்து, கொரலத் தாழ்த்தி, "அக்கா, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்கக்கா. நானே கூட்டிட்டுப் போறேன்"னான். தாழ்த்திச் சொன்னா மத்தவங்களுக்குக் கேக்காதா? முன் வரிச பூராவும் கேட்டுச்சு. ஒருத்தரும் சிரிக்கல. பாவமாப் பாத்தாங்க. என்ன! பாவமா! அவன்தான் மறுபடி செக்ரட்டரி. கைதூக்குனது முப்பத்தொம்பது வீடு.

அதோட விட்டானா? செவ்வாக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏணி எடுத்துட்டு வர்றேன், கமிட்டி ஆளுங்க ரெண்டு பேரும் வருவாங்க, உச்சிக் கெளையில இருந்து பத்தரமா எறக்கி உங்க கையிலயே குடுத்துர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். ஆமா, இன்னைக்குத்தான் செவ்வா. ஏறட்டும். எங்க இருந்தாச்சும் ஒரு பூச்சியப் பிடிச்சுச் சட்டப் பையில வெச்சிருப்பான், ஏணியில ஏறி அத எடுத்துக் காட்டுவான். இந்த மாதிரி வேலையெல்லாம் நான் பாக்காததா? செங்கோட்ட பாசஞ்சர்ல, பையில பழைய டிக்கெட்ட வெச்சிக்கிட்டு ஆட்டுவானுங்க.

அதுக்கு எடம் குடுப்பேனா? இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சேன். அருவாமனைய எடுத்தேன். கொய்யாவ அடியோட அறுத்துட்டேன். ஒரு சாண் மொட்டக் குச்சி மட்டும் தொட்டியில நிக்குது. வரட்டும், ஏணியோட வரட்டும். கமிட்டியக் கூட்டிட்டு வந்து மொட்டக் குச்சியில வட்டம் போடட்டும். அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு நெனைக்கிறப்பவே எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுங்குது. கெளையையா? கேட்டுக்கு வெளிய பூக்காரம்மா ரெண்டு ஆடு கட்டியிருப்பா. அதுங்களுக்குப் போட்டுட்டேன். கொய்யா எலைன்னா ஆட்டுக்கு உசுரு. மணி ஆறே முக்கா. கால் மணி நேரத்துல காம்பு கூட இல்ல. நின்னு பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

சரி, இப்ப உனக்கு வேல. என் கைப்பைய எடு, முன் ஜிப்புல போன் இருக்கு. பூட்டுக் கீட்டு இல்ல, தள்ளுனாத் தொறக்கும். போட்டோவுக்குள்ள போ. முதல்ல இருக்கிறது மொட்டக் குச்சி, இன்னைக்கு எடுத்தது, அத விடு. அதுக்கு முந்துனது. வட்டம் இருக்கா? இல்லல்ல? அதான். வட்டம் போடாதது. நானே எடுத்தது, என் போன்லயே இருக்கிறது, இதுல எவனும் கை வெச்சிருக்க முடியாது. நான் அப்புறம் எடுத்துப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? எடுத்தவளுக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கு நான் சொல்றப்ப மூணாவது மனுஷி ஒருத்தி பாத்தான்னு இருக்கணும். உன் பேரு ஊரெல்லாம் எழுதிக்கிறேன். பாத்து, வெறும் எலைன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்.

பெருசாக்கிப் பாரு. ரெண்டு வெரல வெச்சு விரி.

வெறும் எலைதான? சொல்லும்மா.

எது, காலா? எலைக் காம்பா இருக்கும். நல்லாப் பாரு. ரெண்டு பக்கமும் மூணு மூணா? நெளிஞ்சிருக்கா? மயிர் மாதிரி ரெண்டு நீட்டிக்கிட்டு... நடுவுலயா... கடுகு மாதிரி... நீ எதுக்கும்மா சொல்ற? தனுஷ்கோடி உனக்கு வேண்டியவனா? எந்த ஊரு நீ? இல்ல, இரு, கோவிச்சுக்காத. போன வெக்காத. வெக்காதம்மா. தல எந்தப் பக்கம் இருக்கு? கீழயா? தல கீழ, ஒடம்பு மேல, ஒரு கால மட்டும் மடக்கிக்கிட்டு...

ஆமா. அது அப்படித்தான் தொங்கும்.

யாரு பேரக் கூப்பிடுறாங்க? என்னத்தானா? கூப்பிடட்டும். சர்டிபிகேட்டுக்கு என்ன அவசரம். மணி என்ன? பதினொண்ணா? ஆறே முக்காலுக்குப் போட்டது.

அந்தாளு கொல்லலம்மா. கவரப் போட்டு மூடியிருக்கான், தண்ணி தெளிச்சு விட்டிருக்கான், மேல ஏறியிருக்கும் பாருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். இத்தன நாளா என் தலைக்கு மேலயே இருந்திருக்கு. அடிக் கெளையெல்லாம் பெரிய ஆட்டுக்கு முன்னால அள்ளிப் போட்டேன். அது சின்னத விடாம முட்டி முட்டித் தின்னுச்சு. பாவமா இருந்துச்சு எனக்கு. அதனால உச்சிக் கெளைய மட்டும் நான் கீழ போடல. சின்ன ஆட்டுக்குன்னு தனியா எடுத்து வெச்சு, குனிஞ்சு, என் கையாலயே ஊட்டி விட்டேன்.